வாயில்லா ஜீவன் எதை விழுங்கியது?

தமிழில் சில செடிகளுக்கு ஆடுதான் பெயர் வைத்திருக்கிறது. ஆடாதொடை என்றால் ஆடு தொடாத இலை. ஆடுதீண்டாப்பாளை என்றால் ஆடு தீண்டாத பாளை. கண்ணில் பட்ட பச்சையை எல்லாம் கடித்துப் பார்க்கிற ஆடே ஒரு செடியை விட்டுவிட்டு நடக்கிறது என்றால், அதில் ஏதோ விஷயம் இருக்கிறது என்று ஆடு மேய்த்தவர்கள் கவனித்திருக்கிறார்கள். பெயரும் வைத்துவிட்டார்கள்.

ஆனால் ஆட்டின் அறிவுக்கும் ஒரு எல்லை உண்டு. தென் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த குச்சிக்கிழங்கை அதன் முன்னோர்கள் பார்த்ததில்லை. லாரி ரேடியேட்டரில் ஊற்றும் கூலன்டை நாயின் முன்னோர்கள் பார்த்ததில்லை. பாராசிட்டமால் மாத்திரையைப் பூனையின் முன்னோர்கள் பார்த்ததில்லை. "நாய்தீண்டாக் கூலன்ட்" என்று தமிழில் ஒரு சொல் கிடையாது. ஏனென்றால் நாய் அதைத் தீண்டும், நக்கும், இனிக்கிறதே என்று குடித்தும் விடும்!

வீட்டுப் பிராணிகள் விஷப் பொருட்களை விழுங்குவது பற்றி இணையத்தில் தேடினால் பட்டியல்கள் நிறையக் கிடைக்கின்றன. சாக்லேட் கொடுக்காதே, அவகேடோ கொடுக்காதே, லில்லி பூ வைக்காதே.. எல்லாம் சரிதான். ஆனால் அந்தப் பட்டியல்கள் பெரும்பாலும் அமெரிக்க வீட்டைப் பார்த்து எழுதியவை. சேலத்திலும் நாமக்கல்லிலும் இருக்கும் வீடு வேறு மாதிரி. இங்கே பல வீடுகளில் வீடும் பட்டறையும் ஒன்று. முன்னறையில் தறி ஓடும், பின்கட்டில் கொலுசுக்குப் பற்ற வைப்பார்கள், வாசலில் லாரி நிற்கும், களத்தில் கிழங்கு குவிந்திருக்கும். நாயும் பூனையும் ஆடும் மாடும் அதே இடத்தில்தான் படுத்து எழுகின்றன. அதனால் இந்த ஊருக்கு என்று தனிப் பட்டியல் ஒன்று தேவைப்படுகிறது. அதைப் போட வேண்டியது வெளியூர் நிபுணர் இல்லை, அந்தந்த வீட்டுக்காரர்.

சாக்லேட் கணக்கு

முதலில் சாக்லேட்டையே எடுத்துக்கொள்வோம். அதில் இருக்கும் தியோப்ரோமின் என்ற பொருள் நாய்க்கு ஆகாது. நாயின் எடையில் ஒரு கிலோவுக்கு சுமார் 20 மில்லிகிராம் போனால் வாந்தி, பேதி, படபடப்பு தொடங்கும். 40-50 தாண்டினால் இதயத்துக்கு ஆபத்து. 60 தாண்டினால் வலிப்பு. சாதாரண மில்க் சாக்லேட்டில் ஒரு கிராமுக்கு 2 மில்லிகிராமுக்குச் சற்று மேல் இருக்கும். 10 கிலோ எடையுள்ள நாய் 40 கிராம் மில்க் சாக்லேட்டைத் தின்றால் உள்ளே போவது கிலோவுக்கு 9 மில்லிகிராம் அளவுதான். கறுப்பு சாக்லேட், கோகோ பவுடர் என்றால் கணக்கே மாறிவிடும். இரண்டு கிலோ குட்டி நாய் என்றாலும் மாறிவிடும்.

இதைச் சொல்வது சாக்லேட் கொடுக்கலாம் என்பதற்காக அல்ல. விஷம் என்பது பொருளில் மட்டும் இல்லை, அளவிலும் இருக்கிறது, தின்ற பிராணியின் எடையிலும் இனத்திலும் இருக்கிறது என்பதற்காக. ஒரு துண்டு சாக்லேட்டுக்குப் பதறுகிற அதே வீட்டில் கூலன்ட் கேன் மூடியில்லாமல் கிடந்தால், பயம் தப்பான இடத்தில் இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

குச்சிக்கிழங்குக் காடு

இந்தப் பக்கத்துப் பட்டியலில் முதலில் எழுத வேண்டியது மரவள்ளி, அதாவது குச்சிக்கிழங்கு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வெளிநாட்டு ஜவ்வரிசி வரத்து நின்றபோது சேலத்தில் இந்தத் தொழில் முளைத்தது. 1981-இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்தது. 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆத்தூர், ராசிபுரம், நாமக்கல் என்று எந்தப் பக்கம் பஸ்ஸில் போனாலும் ஜன்னலோரம் அந்தச் செடி தெரியும்.

அந்தச் செடியின் இலையிலும் தோலிலும் கிழங்கிலும் லினமாரின் என்ற பொருள் இருக்கிறது. சும்மா இருக்கும்வரை அது தொல்லை தராது. இலை கசங்கினால், மென்றால், அதே செடியில் இருக்கும் நொதி அதன்மேல் பட்டு ஹைட்ரஜன் சயனைடை வெளியே விடும். ஆமாம், சினிமாவில் வில்லன் கடிக்கும் அதே சயனைடு. மாவுக்காகப் பயிரிடும் கசப்பு ரகங்களில் இது இன்னும் அதிகம்.

மனிதர்கள் கிழங்கைத் தோல் சீவி, வேகவைத்து, தண்ணீரை வடித்துவிட்டுச் சாப்பிடுகிறார்கள். ஆடு அப்படிச் செய்யுமா? கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடி, அறுவடை செய்து குவித்த பச்சை இலையில் வயிறு நிறைய மேயும். அசைபோடும் பிராணிகளுக்கு இன்னொரு கெட்ட நேரமும் உண்டு. அவற்றின் முதல் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்களே அந்தச் சயனைடை வேகமாகப் பிரித்துக் கொடுத்துவிடும். மூச்சு வாங்கும், நுரை தள்ளும், தள்ளாடும், விழுந்து துடிக்கும். ரத்தத்தில் ஆக்சிஜன் இருக்கும், ஆனால் உடம்பின் செல்களால் அதைப் பயன்படுத்த முடியாது. அதனால்தான் ரத்தம் பளிச்சென்று சிவப்பாக இருக்கும். அதிகம் தின்றிருந்தால் சில நிமிடங்களிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும்.

மருந்து இல்லாமல் இல்லை. சோடியம் நைட்ரைட், சோடியம் தயோசல்பேட் என்ற இரண்டையும் கால்நடை மருத்துவர் நரம்பில் ஏற்றினால் பிழைக்க வாய்ப்பு உண்டு. ஆனால் கடிகாரம் வேகமாக ஓடும் நோய் இது. ஆகவே தடுப்புதான் மருந்து. அறுவடை நாளில் ஆட்டைத் தூரத்தில் கட்ட வேண்டும். பச்சை இலையையும் பச்சைத் தோலையும் தீவனமாகப் போடக்கூடாது. நன்றாக வெயிலில் உலர்த்தினால் நச்சு பெருமளவு குறையும், அப்போதும் மற்ற தீவனத்தோடு கலந்து கொஞ்சமாகத்தான். சேகோ ஆலைக் கழிவுநீர் ஓடும் வாய்க்காலில் மாட்டைத் தண்ணீர் குடிக்க விடக்கூடாது. சோளப் பயிருக்கும் இதே எச்சரிக்கை உண்டு. இளம் பயிரிலும், மழையில்லாமல் வாடிய பயிரிலும், அறுத்த பின் துளிர்க்கும் தழையிலும் சயனைடு அதிகம்.

விவசாயிக்கு இது தெரியாதா என்று கேட்கலாம். பெரியவர்களுக்குத் தெரியும். ஆனால் ஆட்டை ஓட்டிக்கொண்டு போவது பல வீடுகளில் பள்ளிக்கூடம் விட்டு வந்த பையன். அவனுக்குச் சொன்னது யார்?

தறி வீட்டுப் பூனை

பள்ளிபாளையம், குமாரபாளையம், திருச்செங்கோடு, இளம்பிள்ளை.. தறிச் சத்தம் கேட்காத தெரு குறைவு. தறி வீட்டில் எலி வரும், எலிக்காகப் பூனை வளர்ப்பார்கள், பூனைக்குத் தரையில் உருளும் நூல் விளையாட்டுச் சாமான். பார்க்க அழகாகத்தான் இருக்கும். தையல் மெஷின் இருக்கும் வீட்டிலும், எம்பிராய்டரி போடும் கல்லூரிப் பெண்ணின் அறையிலும் இதே காட்சிதான்.

பூனையின் நாக்கைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், உப்புத்தாள் போல இருக்கும். அந்த முட்கள் எல்லாம் தொண்டையைப் பார்த்துச் சாய்ந்திருக்கின்றன. நூல் ஒரு முறை நாக்கில் மாட்டினால் வெளியே துப்புவது கஷ்டம், உள்ளே போவதுதான் சுலபம். நூலில் நச்சு எதுவும் இல்லை. ஆனால் அதன் ஒரு முனை நாக்கின் அடியிலோ இரைப்பையின் வாயிலோ மாட்டிக்கொள்ள, மறுமுனை குடலுக்குள் போய்க்கொண்டே இருக்கும். குடல் தன் வழக்கப்படி தள்ளித் தள்ளிப் பார்க்கும். பாவாடை நாடாவை இழுத்தால் துணி சுருங்குமே, அப்படிக் குடல் நூலைச் சுற்றிச் சுருங்கிவிடும். சில நாட்களில் நூல் ரம்பம் போலக் குடலை அறுத்தும் விடும்.

அடையாளம் என்ன? சாப்பிடாமல் மூலையில் ஒடுங்கும், திரும்பத் திரும்ப வாந்தி எடுக்கும். வாயிலோ பின்பக்கமோ நூல் முனை தெரிந்தால் கை தானாக இழுக்கப் போகும். இழுக்கவே கூடாது! இழுத்தால் உள்ளே அறுபடும். வெளியே நிறையத் தொங்கினால் கொஞ்சம் விட்டு நறுக்கலாம், அவ்வளவுதான். உடனே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போக வேண்டும். இதற்கான மாற்று ஏற்பாட்டின் செலவு எவ்வளவு தெரியுமா? கழிவு நூலைப் போட மூடி உள்ள ஒரு பழைய டின். அதுதான் செலவு.

லாரி நிற்கும் வாசல்

நாமக்கல் என்றால் லாரி, சங்ககிரி என்றால் லாரி, திருச்செங்கோடு என்றால் போர் போடும் ரிக் வண்டி. வண்டி இருக்கும் இடத்தில் கூலன்ட் இருக்கும், பழைய பேட்டரி இருக்கும்.

கூலன்ட்களில் பரவலாகப் பயன்படுவது எத்திலீன் கிளைக்கால். அது இனிக்கும். வெயில் காலத்தில் வண்டிக்கு அடியில் பச்சையாகவோ ரோஸ் கலரிலோ தேங்கி நிற்கும் இனிப்புத் தண்ணீரைத் தாகமெடுத்த நாய் விடுமா? கலக்காத கூலன்ட் என்றால் நாய்க்குக் கிலோவுக்கு 4.4 முதல் 6.6 மில்லி போதும், உயிர் போக. பூனைக்கு இன்னும் குறைவு, கிலோவுக்கு 1.4 மில்லி. 4 கிலோ பூனைக்கு ஒரு டீஸ்பூனைவிடக் கொஞ்சம்தான் அதிகம்.

இதில் பெரிய ஏமாற்று ஒன்று இருக்கிறது. குடித்த சில மணி நேரத்தில் நாய் குடிகாரன் போலத் தள்ளாடும். பிறகு தெளிந்தது போல ஆகிவிடும். "பரவாயில்லை, சரியாப் போச்சு" என்று வீட்டார் விட்டுவிடுவார்கள். அந்த நேரத்தில்தான் உள்ளே கல்லீரல் அதை வேறு அமிலங்களாக மாற்றிக்கொண்டிருக்கும், சிறுநீரகத்தில் படிகங்கள் படியும். ஓரிரு நாளில் சிறுநீர் நின்றுவிடும். மாற்று மருந்து வேலை செய்வது நாய்க்கு முதல் 8-12 மணி நேரம், பூனைக்கு 3 மணி நேரம். தெளிந்தது போலத் தெரியும் நேரம்தான் காப்பாற்றக்கூடிய நேரம்.

அமெரிக்காவில் பல மாநிலங்கள் இதற்காகவே கூலன்டில் கடும் கசப்புப் பொருளைக் கலக்கச் சொல்லிச் சட்டம் போட்டன. 2012-இல் அங்குள்ள உற்பத்தியாளர்கள் நாடு முழுவதும் கலப்பதாக ஒப்புக்கொண்டார்கள். சில்லறைக் காசில் முடிகிற வேலை. லாரித் தொழிலில் பேர் வாங்கிய நாமக்கல்லிலிருந்து அப்படி ஒரு கோரிக்கை எழுந்தால் எவ்வளவு பொருத்தமாக இருக்கும்!

பேட்டரி மாட்டின் எதிரி. உடைந்த பேட்டரியின் ஈயத் தகட்டை மாடு நக்கும். ஈய உப்புகள் இனிப்பானவை, மாட்டுக்கு உப்புச் சத்துத் தேடி நக்கும் பழக்கமும் உண்டு. பார்வை போகும், சுவரில் தலையை முட்டிக்கொண்டு நிற்கும். கொம்புக்குப் பூசும் பெயின்டும் இதில் சேர்த்தி. வீட்டு உபயோகப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2017 நவம்பரில் அமலுக்கு வந்தது. அதற்கு முன்பு வாங்கி மூலையில் வைத்த டப்பா மாட்டுப் பொங்கலுக்கு வெளியே வருகிறதா என்று ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது.

சமையலறையும் மாத்திரை டப்பாவும்

பண்டிகை என்றதும் இன்னொன்று. கல்யாணம், பொங்கல் முடிந்த மறுநாள் மீந்த சோறு முழுவதும் கழுநீர்த் தொட்டிக்குப் போகும். "பாவம், அதுவும் ஒரு நாள் சாப்பிடட்டும்" என்ற நல்ல மனசுதான். ஆனால் பழக்கமில்லாத மாடு ஒரேயடியாகச் சோற்றைத் தின்றால் முதல் வயிற்றில் அது வேகமாகப் புளித்து அமிலமாகிறது. மாடு அசைபோடுவதை நிறுத்தும், வயிறு தண்ணீராக நிற்கும், படுத்துவிடும். அன்பே விஷமாகிற இடம் இது.

பூனைக்குப் பாராசிட்டமால் கொடுப்பதும் அப்படித்தான். குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் கொடுக்கிறோமே, பூனைக்கும் கால் மாத்திரை கொடுப்போம் என்று நினைக்கிறார்கள். அந்த மருந்தைச் செரித்து வெளியேற்றும் வழி பூனையின் கல்லீரலில் மிகவும் பலவீனம். ஒரே ஒரு 500 மில்லிகிராம் மாத்திரை ஒரு பூனையைக் கொன்றுவிடும். ஈறுகள் பழுப்பு நிறமாக மாறும், முகம் வீங்கும். பீரோவில் போடும் பாச்சா உருண்டையும் பூனைக்கும் நாய்க்கும் ஆகாது.

எலி மருந்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம் என்று தோன்றும், ஆனால் சொல்ல வேண்டியிருக்கிறது. கேக் வடிவில் வரும் புரோமடியோலோன் ரத்தம் உறைவதைத் தடுக்கும். நாய் இன்று தின்றால் ரத்தக் கசிவு தெரிய மூன்று முதல் ஐந்து நாள் ஆகும். அதற்குள் எலி மருந்து வைத்ததே வீட்டில் மறந்திருக்கும்! வைட்டமின் கே-1 கொடுத்தால் காப்பாற்றலாம், வாரக்கணக்கில் கொடுக்க வேண்டும். ஜிங்க் பாஸ்பைடு வேறு ரகம். அது இரைப்பை அமிலத்தில் பட்டு பாஸ்பீன் வாயுவாகும். "விஷத்தை முறிக்கச் சோறு போடு" என்று ஊட்டினால் அமிலம் இன்னும் அதிகம் சுரந்து வாயுவும் அதிகமாகும். இரண்டும் எலி மருந்துதான், சிகிச்சை வேறு வேறு. அட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டால் மருத்துவர் எதை வைத்துக் கண்டுபிடிப்பார்?

முதலுதவி என்ற பெயரில்

ஒரு வீட்டில் நாய் எதையோ தின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். உடனே தெரு கூடும். "உப்புத் தண்ணி கரைச்சு ஊத்துங்க அக்கா", "புளியைக் கரைச்சு ஊத்து கண்ணு, வாந்தி எடுத்துரும்", "எண்ணெய் குடுங்க, வழுக்கிட்டு வந்துரும்".. ஆளுக்கொரு வைத்தியம். எல்லாரும் நல்ல எண்ணத்தில் சொல்வதுதான்.

உப்புத் தண்ணீர் வாந்தியை வரவழைக்காவிட்டால் உப்பு உடம்பிலேயே தங்கும். ரத்தத்தில் சோடியம் ஏறி மூளை பாதித்து, விஷத்துக்குப் பதிலாக உப்பே நாயைக் கொல்லலாம். வற்புறுத்தி ஊற்றும் எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் நிமோனியா. கொலுசுப் பட்டறை ஆசிட் போன்றதைக் குடித்திருந்தால், வாந்தி எடுக்க வைப்பது தொண்டையை இரண்டாம் முறை சுடுவது. மண்ணெண்ணெய், பெட்ரோல் என்றாலும் வாந்தி கூடாது. ஊசி விழுங்கினாலும் கூடாது. மயக்கத்தில் இருக்கும் பிராணி வாயில் எதையுமே ஊற்றக்கூடாது.

புளிக்கரைசல்தான் இதில் புதிய செய்தி. திராட்சையும் உலர்திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது 20 ஆண்டுகளுக்கும் மேலாகத் தெரியும், ஏன் என்றுதான் தெரியாமல் இருந்தது. 2021-இல் அமெரிக்காவின் பிராணிகள் விஷத் தகவல் மையத்தைச் சேர்ந்த மருத்துவர்கள் ஒரு விடை சொன்னார்கள். துப்பு கிடைத்த இடம் வேடிக்கையானது. குழந்தைகள் விளையாட வீட்டில் செய்யும் மாவு உருண்டையைத் தின்ற ஒரு நாய்க்குத் திராட்சை தின்ற நாய்க்கு வருவது போலவே சிறுநீரகம் கெட்டது. அந்த மாவில் டார்டாரிக் அமிலத்தின் உப்பு கலந்திருந்தது. திராட்சையில் இருப்பதும் டார்டாரிக் அமிலம். அடுத்து 2022-இல் புளி தின்ற நாய்களுக்கும் இதே பாதிப்பு வந்ததாகக் கட்டுரை வெளியிட்டார்கள். புளியின் புளிப்பே பெரும்பாலும் அந்த அமிலம்தானே!

ரசம் சாதம் நக்கிய நாயெல்லாம் செத்துவிடும் என்று இதற்கு அர்த்தமில்லை. தலைமுறைகளாக எத்தனையோ நாய்கள் அதைத் தின்று வாழ்ந்திருக்கின்றன. ஆனால் ஏற்கெனவே விஷம் தின்று சிறுநீரகம் போராடிக்கொண்டிருக்கும் நாயின் வாயில் எலுமிச்சை அளவுப் புளியைக் கரைத்து ஊற்றுவது மருந்து ஆகாது.

அப்படியானால் என்னதான் செய்வது? மிச்சம் இருக்கும் பொருளை எட்டாத இடத்துக்கு எடுத்துவிட வேண்டும். எதை, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று குறித்துக்கொள்ள வேண்டும். அட்டை, பாட்டில், வாந்தி எடுத்திருந்தால் அதன் ஒரு போட்டோ.. எதையும் விடாமல் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போக வேண்டும். பூச்சிமருந்து டப்பா என்றால் அதிலிருக்கும் முக்கோணத்தைப் பார்த்துச் சொல்லலாம். சிவப்பு என்றால் மிகக் கடுமையான நச்சு, அடுத்தது மஞ்சள், பிறகு நீலம், கடைசி பச்சை. (மஞ்சளைப் பார்த்து மங்களகரம் என்று நினைக்க வேண்டாம்.) ஆடு மாட்டுக்கு என்றால் கால்நடை மருத்துவ ஊர்திக்கு 1962.

யார் கணக்கில் எழுதுவது?

"மனுசனுக்கே வைத்தியம் பார்க்க வழியில்லை, இதுல நாய்க்கும் பூனைக்குமா?" என்று ஒரு கேள்வி எப்போதும் வரும். நியாயமான கேள்விதான். வணிகவியல் பாணியிலேயே பதில் சொல்லலாம்.

கணக்கியல் தரநிலை 41 ஆட்டையும் மாட்டையும் 'உயிரியல் சொத்து' என்கிறது. பண்ணைக் கம்பெனிகள் அதை இருப்புநிலைக் குறிப்பில் காட்ட வேண்டும். பேலன்ஸ் ஷீட் என்ற வார்த்தையே கேள்விப்படாத ஒரு அம்மாவுக்கும் நான்கு வெள்ளாடுதான் பேங்க் டெபாசிட். பெண்ணின் காலேஜ் பீஸ், ஆஸ்பத்திரிச் செலவு, கோயில் நோம்பி.. எல்லாவற்றுக்கும் அதிலிருந்துதான் எடுப்பார். 2011-இல் தமிழக அரசு ஏழைக் குடும்பங்களுக்கு நான்கு ஆடுகள் கொடுக்கும் திட்டம் போட்டதே இந்தக் கணக்கில்தான். பச்சை மரவள்ளி இலை ஒரு மணி நேரத்தில் அந்த டெபாசிட்டை அழித்துவிடும்.

அடுத்து, ஒரு பொருளின் விலையில் சேராத செலவு. கேரி பேக்கை இலவசமாகக் கொடுத்த கடைக்கும் செலவில்லை, வாங்கியவருக்கும் செலவில்லை. செலவை ஏற்றது மாடு. 2019 அக்டோபரில் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் ஒரே பசுவின் வயிற்றிலிருந்து 52 கிலோ பிளாஸ்டிக்கை எடுத்தார்கள். ஒரு ஆள் எடை! ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தமிழகத்தில் தடை வந்தது அதே ஆண்டு ஜனவரி 1-ஆம் தேதி. சட்டம் வந்தபோது அந்த 52 கிலோவில் பெரும்பகுதி மாட்டின் வயிற்றுக்குள் ஏற்கெனவே போயிருக்கும். கூலன்டும், எலி கேக்கும், கழிவு நூலும் இதே ரகம்தான். லாபம் ஒருவர் கணக்கில், நஷ்டம் வாயில்லாத இன்னொன்றின் கணக்கில்.

மூன்றாவது, நாய் மூக்கு நுழையும் உயரமும் தவழும் குழந்தையின் கை எட்டும் உயரமும் ஒன்று. நாய்க்காக மேலே தூக்கி வைத்த டப்பா குழந்தைக்காகவும்தான் மேலே போகிறது.

மனிதர்களுக்கு என்று டெல்லி எய்ம்ஸில் 1995 முதல் தேசிய விஷத் தகவல் மையம் 24 மணி நேரமும் இயங்குகிறது. அமெரிக்காவில் பிராணிகளுக்கென்றே அப்படி ஒரு மையம் 1978-இல் ஒரு பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. நாமக்கல்லில் 1985 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தலைவாசலில் 2021-இல் பெரிய கால்நடை ஆராய்ச்சி நிலையமே திறக்கப்பட்டது. இவ்வளவு படித்தவர்கள் இருக்கும் பூமியில், இந்த மண்ணுக்கே உரிய விஷங்களைப் பற்றி எந்த நேரமும் தமிழில் பேசக்கூடிய ஒரு தொலைபேசி எண் இருக்க வேண்டும் என்பது பேராசை இல்லை. 1962-உடனேயே அதை இணைத்துவிடலாம். பால் சொசைட்டி சுவரிலும் ரேஷன் கடை சுவரிலும் ஒரு பக்கப் பட்டியல் ஒட்டலாம். அறுவடை, பொங்கல், கோடை என்று பருவத்துக்கு ஏற்ப அதை மாற்றலாம். சயனைடு மாற்று மருந்து மரவள்ளிப் பகுதிக் கால்நடை மருந்தகம் ஒவ்வொன்றிலும் கையிருப்பில் இருக்க வேண்டும். தூரத்தில் இருக்கும் மருந்து இந்த நோய்க்கு மருந்தே இல்லை.

அரசாங்கம் செய்யும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. இன்று மாலை தரையில் உட்கார்ந்து, நாயின் உயரத்திலிருந்து வீட்டை ஒரு சுற்றுப் பார்த்தால் போதும். என்னென்ன எட்டுகிறது என்று ஒரு தாளில் எழுதினால் அந்த வீட்டின் பட்டியல் தயார். பெரும்பாலானவற்றுக்கு ஒரு மூடியோ, ஒரு பலகையோ, ஒரு ஆணியோதான் செலவு.

ஆடாதொடை எது என்று ஆடு காட்டிக் கொடுத்தது, மனிதன் பெயர் வைத்துக்கொண்டான். இப்போது மனிதன் கொண்டுவந்த பொருட்களில் எதைத் தொடக்கூடாது என்று ஆட்டுக்கு யார் காட்டிக் கொடுப்பது? அதற்கு வாயில்லை. வாயுள்ளவர்கள் சொல்லித்தான் ஆக வேண்டும், மூடி போட்டுத்தான் ஆக வேண்டும்.